5 கேவிஏ ஜெனரேட்டர் என்று சொல்லி விற்றார்கள், 46,500 ரூபாய் போச்சு

கோபத்தில்தான் எழுதுகிறேன், தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு ஜெனரேட்டர் எப்படிப் பார்த்து வாங்குவது என்று கடைசியில் விவரமாக எழுதப்போகிறேன். அதற்கு முன்னால் நான் 46,500 ரூபாயை எப்படித் தூக்கிக் கொடுத்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பலா மரங்களைக் குத்தகைக்கு விட்டு வந்த பணம் அது.

எங்களுக்குப் பண்ருட்டிப் பக்கம் ஒரு கிராமம். 2011 டிசம்பர் கடைசியில் தானே புயல் அடித்தபோது முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்ததைப் பார்த்தவர்களுக்கு, அதற்கப்புறம் கரண்ட் இல்லாமல் கிடந்த நாட்களும் மறந்திருக்காது. வண்டியில் ஜெனரேட்டரை ஏற்றிக்கொண்டு தெருத்தெருவாக வந்து, மோட்டார் ஓட்டி டேங்க் நிரப்பிவிட்டுக் காசு வாங்கிப் போனார்கள். அப்புறம் 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயல். அதனால் எங்கள் ஊரில் ஐப்பசி பிறந்தாலே எல்லாரும் மெழுகுவர்த்தி, அரிசி, கரண்ட் என்று கணக்குப் போட ஆரம்பித்துவிடுவோம்.

இந்த வருஷம் எனக்கு அந்தக் கணக்கு வேறு மாதிரி ஆகிவிட்டது. அம்மாவுக்கு 71 வயது, நுரையீரல் பிரச்சினை. ராத்திரி ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர் (காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் கரண்ட் மெஷின்) வேண்டும், டாக்டர் நிமிஷத்துக்கு 2 லிட்டர் வைக்கச் சொல்லியிருக்கிறார். அந்த மெஷின் சுமார் 350 வாட் இழுக்கும். வீட்டில் இருக்கும் 150 ஏஹெச் பேட்டரி இன்வெர்ட்டரில் அதையும் ஒரு ஃபேனையும் ஓட்டினால் மூன்று மணி நேரம் தாண்டாது. ஒரு ராத்திரிக்கே போதாது எனும்போது புயல் நாளுக்கு எங்கே போவது?

அதனால் பம்ப்செட், புல் வெட்டும் மெஷின், பவர் ஸ்ப்ரேயர் எல்லாம் விற்கிற ஒரு கடைக்குப் போனேன். ஊர், பேர் எதுவும் சொல்லப் போவதில்லை, பிரச்சினை இன்னும் முடியவில்லை. பெரிய கடைதான், வாசலில் பத்துப் பதினைந்து மெஷின் அடுக்கியிருந்தது.

கடைக்காரருக்கு அறுபது வயது இருக்கும், நெற்றி நிறைய விபூதி. என்னென்ன ஓடணும் என்று கேட்டார், சொன்னேன்: கான்சென்ட்ரேட்டர், ஃபிரிட்ஜ், இரண்டு ஃபேன், லைட், எப்பவாவது 1 ஹெச்பி மோட்டார். கான்சென்ட்ரேட்டர் என்றதும் "யாருக்கு?" என்றார். அம்மாவுக்கு என்றேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் பையனைக் கூப்பிட்டு டீ வாங்கிவரச் சொல்லிவிட்டு, "தம்பி, அம்மாவுக்குன்னு சொல்லிட்டீங்க, வாசல்ல இருக்குற மெஷினையெல்லாம் உங்களுக்குக் கொடுக்க மாட்டேன், உள்ள வாங்க" என்றார்.

அங்கேயே விழுந்துவிட்டேன். அதற்கப்புறம் நான் எதையும் பார்க்கவில்லை, அவர் காட்டியதைத்தான் பார்த்தேன்.

உள்ளே ஒரு சிவப்பு மெஷின். பக்கத்தில் பெரிதாக 5 கேவிஏ என்று ஸ்டிக்கர் (கேவிஏ என்பது ஜெனரேட்டர் எவ்வளவு லோடு தாங்கும் என்பதன் அளவு), அதற்குக் கீழே காயில் நூறு சதவீதம் காப்பர் என்று இன்னொரு ஸ்டிக்கர். பலகையில் பத்துக் குண்டு பல்பு மாட்டி வைத்திருந்தார், ஒவ்வொன்றும் 200 வாட். எல்லாவற்றையும் போட்டுக் காட்டி, "பாருங்க, 2000 வாட்டு ஓடுது, இன்னும் பாதி லோடுகூட இல்ல" என்றார். பத்தும் எரிந்தது. பட்டப்பகலில் பல்பு மங்கியதா இல்லையா என்று எவன் பார்த்தான்? ஒரு மீட்டர்கூட அங்கே இல்லை என்பது இப்போதுதான் உறைக்கிறது. பல்பு போட்ட அந்தக் கணத்தோடு சரி, மோட்டார் மாதிரி ஸ்டார்ட் ஆகி வேகம் எடுக்கும்வரை பல மடங்கு கரண்டை இழுத்துக்கொண்டிருக்காது என்பதும் இப்போதுதான் தெரிகிறது.

விலை 52,000 சொன்னார், பேசி 46,500-க்கு வந்தார். பில் கேட்டேன். "பில்லு போட்டா 18 பர்சென்ட் ஜிஎஸ்டி ஏறும் தம்பி, உங்களுக்கு எதுக்கு, வாரண்டி கார்டு நான் தரேன்" என்றார். எஸ்டிமேட் என்று போட்ட ஒரு துண்டுச் சீட்டைக் கொடுத்தார். 20,000 யுபிஐ, 26,500 ரொக்கம். யுபிஐ-யில் வந்த பெயர் கடைப்பெயர் இல்லை, யாரோ ஒரு அம்மாவின் பெயர். அதையும் பார்த்தேன், பார்த்தும் அனுப்பினேன். இது என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன்.

மெஷினை நானும் அந்தப் பையனும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து அலுங்காமல் குட்டியானையில் ஏற்றினோம். நல்ல வெயிட்லெஸ்ஸாக இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டேன் பாருங்கள், அதை நினைத்தால்தான் என்னை நானே அடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது. நிஜமான 5 கேவிஏ பெட்ரோல் மெஷின் பொதுவாக 80 கிலோ பக்கம் இருக்கும்.

போகிற போக்கில் அந்தப் பையன் இன்னொரு யோசனையும் சொன்னான். ஒரு ஒயரில் இரண்டு பக்கமும் ப்ளக் மாட்டி, ஒரு முனையை ஜெனரேட்டரிலும் மறுமுனையை வீட்டு பிளக் பாயிண்டிலும் சொருகிவிட்டால் வீடு முழுக்க கரண்ட் வந்துவிடுமாம். எங்கள் ஊர் எலக்ட்ரீஷியன் அண்ணனிடம் இதைச் சொன்னதும் கையெடுத்துக் கும்பிட்டார். மெயினை ஆஃப் பண்ண மறந்தால் நம் வீட்டு 230 வோல்ட் ஈபி லைனில் ஏறி, டிரான்ஸ்பார்மரில் தலைகீழாகப் போய் 11,000 வோல்ட் ஆகிவிடும், கம்பத்தில் லைன்மேன் ஏறியிருந்தால் அவ்வளவுதான் என்றார். ஈபி, ஜெனரேட்டர் இரண்டில் ஏதாவது ஒன்றுதான் வீட்டு லைனில் சேரும்படி அவரே சேஞ்ச்ஓவர் ஸ்விட்ச் போட்டுக் கொடுத்தார். அந்தச் செலவு தனி, 46,500-இல் சேராது.

போன வாரம் காற்றும் மழையுமாக அடித்த அன்று ராத்திரி பதினொன்றரைக்குக் கரண்ட் போனது. இரண்டு மணிக்கெல்லாம் இன்வெர்ட்டர் கத்த ஆரம்பித்தது. சரி, நம்மிடம்தான் மெஷின் இருக்கிறதே என்று போய்க் கயிற்றை இழுத்தேன், ஸ்டார்ட் ஆனது. பத்து நிமிஷம் நன்றாகத்தான் ஓடியது. அப்புறம் ஃபிரிட்ஜ் கம்ப்ரசர் எடுத்ததும் லைட் எல்லாம் மங்கியது, கான்சென்ட்ரேட்டர் அலாரம் அடித்து நின்றுவிட்டது. ஃபிரிட்ஜ் ஸ்டெபிலைசரில் 165 வோல்ட் என்று காட்டுகிறது. அம்மா மூச்சுக்குத் திணறிக்கொண்டே, "விடு தம்பி, காத்துக்கு உக்காந்துக்குறேன்" என்கிறார். ஃபிரிட்ஜ், ஃபேன், லைட் எல்லாவற்றையும் பிடுங்கிப்போட்டு கான்சென்ட்ரேட்டரை மட்டும் ஓட்டி விடிய வைத்தோம். காலையில் மோட்டாரைப் போட்டேன், ஒரு உறுமல், மெஷின் அணைந்தே போனது.

இதில் இன்னொன்று. மழைக்காக மெஷினை மாடிப்படிக்குக் கீழே வைத்திருந்தேன், அங்கே வைக்கலாம் என்று சொன்னதும் கடைதான். காலையில் என் மனைவிக்குத் தலைவலி, குமட்டல். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது, தூங்கிக்கொண்டிருந்தால் எழுந்திருக்கவே மாட்டீர்கள். அன்று ஜன்னல் திறந்திருந்ததால் தப்பித்தோம்.

அன்றைக்கே கடைக்குப் போன் போட்டேன். அதுவரை "தம்பி" என்றவர் அன்றிலிருந்து "சார்" ஆகிவிட்டார். "பெட்ரோல் சரியில்ல சார், இப்ப வர்றதுல எத்தனால் கலக்குறான், கார்புரேட்டர் கிளீன் பண்ணுங்க." பண்ணினேன். "லோடு ஜாஸ்தி குடுத்திருப்பீங்க சார்." நான் சொன்ன லோடுக்குத்தானய்யா விற்றாய்? "சென்னையிலிருந்து சர்வீஸ் இன்ஜினியர் வியாழக்கிழமை வருவார்." வரவில்லை. "மழை முடியட்டும் சார்." மழைக்காகத்தானே வாங்கினேன்! அப்புறம் கம்பெனி நம்பர் என்று ஒன்று அனுப்பினார். அடித்தால் எடுத்தது டீ வாங்கி வந்த அதே பையன், குரலைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டு "கஸ்டமர் கேர்" என்கிறான். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

எலக்ட்ரீஷியன் அண்ணன் கரண்டை அளக்கும் கிளாம்ப் மீட்டரோடு வந்தார். 8 ஆம்ப் தாண்டினாலே வோல்ட் 200-க்குக் கீழே இறங்குகிறது. அதாவது 1,600, 1,700 வாட்டிலேயே மூச்சு வாங்குகிறது. அப்புறம் இன்ஜின் மேல் ஒட்டியிருந்த அழுக்கைத் துடைத்துக் காட்டினார்: 212 சிசி. அது ஸ்டிக்கர் இல்லை, இன்ஜின் உடம்பிலேயே வார்த்திருக்கிறது. 5 கேவிஏ-வுக்கு 400 சிசி பக்கத்தில் இன்ஜின் வேண்டுமாம். கண்ணெதிரே எழுதியிருந்ததை நான் பார்க்கவே இல்லை. மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடையில் பின்மூடியைக் கழற்றிக் கம்பியைப் பிளேடால் சுரண்டினார்கள், மேலே செம்பு நிற வார்னிஷ், உள்ளே வெள்ளை. அலுமினியம்.

போட்டோவெல்லாம் எடுத்துக்கொண்டு நேரில் போனேன். மூடியைக் கழற்றியதால் வாரண்டி போச்சு என்கிறார்! வாரண்டி கார்டில் சீரியல் நம்பரே எழுதவில்லை, சீல் மட்டும் குத்தியிருக்கிறார், அது எந்த மெஷினுக்கு வாரண்டியோ. கடைசியில் இரக்கப்படுகிற மாதிரி ஒரு முகத்தை வைத்துக்கொண்டு, வேண்டுமானால் 15,000-க்குத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்றார். 46,500-க்கு வாங்கிப் பத்து நாள் ஆகவில்லை.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து புகார் பதிந்திருக்கிறேன். நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை, அங்கேயும் போவேன். ஆனால் பில் இல்லாத கையோடு போகிறேன், துண்டுச் சீட்டும் அந்த 20,000 யுபிஐ-யும்தான் ஆதாரம்.

விவரமாக எழுதுகிறேன் என்றேன், நேரமில்லை, மறுபடி இருட்டிக்கொண்டு வருகிறது. அவசரமாகச் சிலது. ஸ்டிக்கரைப் பார்க்காதீர்கள், இன்ஜினில் வார்த்திருக்கும் சிசியைப் பாருங்கள், மெஷினைத் தூக்கிப் பாருங்கள். பொதுவாக கேவிஏ-வை 0.8-ஆல் பெருக்கினால்தான் கிலோவாட், அதிலும் மேக்ஸிமம் என்று எழுதியதை விட்டுவிட்டு ரேட்டட் என்பதை, அதாவது தொடர்ந்து எவ்வளவு தரும் என்பதைக் கேளுங்கள். பல்பில் காட்டினால் நம்பாதீர்கள், மோட்டாரைப் போட்டுக் காட்டச் சொல்லி மீட்டர் வைத்துப் பாருங்கள். 18 சதவீதம் போனாலும் பில் வாங்குங்கள். வீட்டுக்குள், படிக்கட்டுக்குக் கீழே, கார் ஷெட்டில் வைக்கவே கூடாது. நோயாளி இருக்கும் வீடு என்றால் ஜெனரேட்டர் ஒன்றையே நம்பாமல் ஒரு பி டைப் சிலிண்டரும் வைத்துக்கொள்ளுங்கள், 2 லிட்டர் கணக்கில் பன்னிரண்டு மணி நேரம் தாங்கும்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே கடைக்காரரிடமிருந்து வாட்ஸப் வந்திருக்கிறது. "சார், ஸ்டெபிலைசர் ஒண்ணு போட்டா சரியாகிடும், 4,500 ஆகும், அனுப்பட்டுமா." பதில் போடவில்லை. சிலிண்டரை நிரப்பிக்கொண்டு வரக் கிளம்புகிறேன்.