விக்டோரியா நீர்த்தேக்கக் கரையில் ஒரு கோல்ஃப் சுற்று

இலங்கையில் கோல்ஃப் விளையாட்டுக்கு நீண்ட வரலாறு உண்டு. கொழும்பின் றோயல் கழகம் 1879 இலும், நுவரெலியாக் கழகம் 1889 இலும் தொடங்கப்பட்டன. கொழும்பில் ஏறத்தாழச் சமதரையில், களத்தின் ஊடாகவே செல்லும் களனிவெளி ரயில் பாதையைக் கடந்து ஆடுகிறோம். நுவரெலியாவில் மலைநகரின் குளிரில், இரு புறமும் மரங்கள் நெருக்கும் ஒடுங்கிய வழிகளில் ஆடுகிறோம். கண்டிக்குக் கிழக்கே சுமார் 20 கிலோமீற்றர் தொலைவில், திகனவை அடுத்த ராஜவெல்லவில் 1990களின் இறுதியில் உருவான விக்டோரியா கோல்ஃப் விடுதியின் களம் இவ்விரண்டையும் ஒத்ததன்று. நாட்டில் ஒரேயொரு களத்தில்தான் ஆட வாய்க்கும் என்றால், நான் தயங்காமல் இதனையே பரிந்துரைப்பேன்.

களத்தை மூன்று புறமும் சூழ்ந்திருக்கும் நீர், இயற்கை ஏரியின் நீர் அன்று. மகாவலி கங்கையை மறித்து எழுப்பி 1985 இல் திறக்கப்பட்ட, 122 மீற்றர் உயரமான விக்டோரியா அணைக்கட்டினால் தேங்கியது. எதிர்க்கரைக்கு அப்பால் நக்கிள்ஸ் மலைத்தொடர் எழுந்து நிற்கிறது. மின் உற்பத்திக்கும், ஆற்றின் கீழ்ப்புறமுள்ள ரந்தெனிகல நீர்த்தேக்கம் வழியாகக் கீழே உள்ள வயல்களுக்கும் நீர் திறக்கப்படுவதால் கரைக்கோடு ஆண்டு முழுவதும் ஒரே இடத்தில் நிற்பதில்லை. கடும் வறட்சியில் நீர் வற்றும்போது, அணைக்காக மூழ்கடிக்கப்பட்ட பழைய தெல்தெனிய நகரின் எச்சங்கள் நீர்த்தேக்கத்தில் தலைகாட்டுவதும் உண்டு. இவ்வளவு அழகான நீர்ப்பரப்பின் அடியில் மக்கள் வாழ்ந்து பெயர்ந்த நிலம் இருக்கிறது என்பதை அறிந்துகொண்டு அதன் கரையில் நிற்பது நல்லது என்று கருதுகிறேன்.

களத்தை வடிவமைத்தவர் ஆங்கிலேயரான டொனால்ட் ஸ்டீல். நீண்டகாலம் கோல்ஃப் செய்தியாளராகவும் இருந்த அவர், நிலத்தின் இயல்பான ஏற்ற இறக்கங்களை இங்கு பெரிதும் அப்படியே விட்டுவைத்திருப்பதாகவே நடக்கும்போது தோன்றுகிறது. பதினெட்டுக் குழிகளுக்கான பார் (தேர்ந்த ஆட்டக்காரர் எடுக்க வேண்டிய அடிகளின் எண்ணிக்கை), வழமையான 72 இற்குப் பதிலாக 73 ஆகும். தென்னைகளும் பெருமரங்களும் நிற்கும் மேட்டுநிலத்திலிருந்து நீரை நோக்கி இறங்குவதும், மீண்டும் மேட்டுக்கு ஏறுவதுமாகச் சுற்று அமைகிறது. பந்தை அடித்துச் செல்லும் வெட்டிய புல்வழிகளான ஃபெயார்வேக்கள் பல இடங்களில் தாராளமாக அகன்றவை. ஆயினும் அவை சாய்ந்து கிடப்பதால், நேராக அடித்த பந்துகூட விழுந்த இடத்தில் நிற்காமல் தாழ்ந்த பக்கம் உருண்டு செல்லும். அடுத்த அடியை ஒரு கால் உயர்ந்தும் மறு கால் தாழ்ந்தும் நின்று அடிக்க வேண்டியிருக்கும். சமதரையில் பயின்றவர்களுக்கு இக்களம் கற்பிக்கும் முதற் பாடம் அதுவே.

இரண்டாவது பாடம் தூரம் பற்றியது. முதல் அடியை அடிக்கும் உயரமான டீ மேடையில் நின்று, நீரையும் மலையையும் பின்னணியாகக் கொண்ட, குழி அமைந்த புல்தளமான கிரீனைப் பார்க்கும்போது, அளவிடுவதற்கு உதவும் மரமோ வேலியோ இடையில் இல்லாததால் கண் எளிதில் ஏமாறுகிறது. பந்து கீழ்நோக்கி இறங்குவதால் ஒரு மட்டை குறைத்து, அதாவது குறைந்த தூரம் அனுப்பும் மட்டையை, எடுக்கத் தோன்றும். அதே வேளை, மர மறைவில் உணரப்படாத நீர்த்தேக்கக் காற்று திறந்த வெளியில் பந்தைத் தடுத்து நிறுத்தும். இவ்விரண்டையும் கூட்டிக் கழித்து முடிவெடுப்பதில்தான் இச்சுற்றின் முழு இன்பமும் இருக்கிறது. கிரீன்களிலும் இதே சிக்கல் உண்டு. சுற்றிலும் மலைகள் செங்குத்தாக நிற்பதால், காலடியில் உள்ள மெல்லிய சாய்வு சமதளமாகவும், சில வேளைகளில் எதிர்ச் சாய்வாகவும் தென்படுகிறது. எனவே உங்கள் கண்ணைவிட, இந்நிலத்தை நாள்தோறும் நடந்து அறிந்த, மட்டைகளைச் சுமந்து வழிகாட்டும் கேடியின் சொல்லை நம்புங்கள். அவர் காட்டும் கோடு முதலில் பொருந்தாததாகத் தோன்றினாலும், அதன்படியே பந்தைக் குழி நோக்கி உருட்டி (புட் செய்து) பாருங்கள். என் கணிப்பில், இங்கு கேடிக்குக் கொடுக்கும் பணமே மிகப் பயனுள்ள செலவு.

நடந்தே ஆட முடியுமா என்று பலர் கேட்பார்கள். நல்ல உடல்வலு உள்ளவர்களால் முடியும். ஆனால் குழியிலிருந்து மிகத் தொலைவில் அமைந்த பின் டீக்களிலிருந்து ஆறு கிலோமீற்றருக்கு மேற்பட்ட நீளமும், தொடர்ந்து வரும் ஏற்றங்களும், கண்டி நகரைவிட வறண்ட இப்பகுதியின் வெயிலும் சேரும்போது, கடைசிச் சில குழிகளில் களைப்பே ஆட்டத்தைக் கெடுத்துவிடும். களத்தில் ஓட்டிச் செல்லும் சிறிய பகி வண்டியை எடுத்துக்கொள்வதே அறிவுடைமை. ஹேண்டிகேப் கூடியவர்கள், அதாவது வழக்கமாகப் பாரைவிடப் பல அடிகள் அதிகம் எடுப்பவர்கள், பின் டீக்களைத் தவிர்த்து முன்னால் உள்ளவற்றிலிருந்து ஆடினால், இக்களத்தின் வடிவமைப்பை நன்றாகச் சுவைக்கலாம்.

காலத்தைப் பொறுத்தவரை, ஜனவரி தொடக்கம் மார்ச் வரையிலான நாட்கள் பெரும்பாலும் உகந்தவை. பருவமழைகளுக்கு இடைப்பட்ட ஏப்ரலிலும், அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகல்களில் இடியுடன் மழை பெய்வது வழக்கம் ஆகையால், திறந்த மேட்டுநிலத்தில் அவ்வேளை நிற்காதபடி சுற்றை நண்பகலுக்குள் முடித்துக்கொள்வது பாதுகாப்பானது. விடியற்காலையில் நீர்ப்பரப்பு அசையாதிருக்கும், காற்றும் குறைவு. அந்நேரத்தில் தொடங்குவதற்காகவே முந்தைய இரவு அங்குள்ள விடுதியில் தங்கலாம். கண்டியிலிருந்து மகியங்கனை வீதியில் வருபவர்கள் குண்டசாலையை அண்டிய காலை நெரிசலுக்கு நேரம் ஒதுக்க வேண்டும். முன்பதிவு செய்யும்போது கட்டணத்தில் பகியும் கேடியும் அடக்கமா, வாடகைக்கு மட்டைகள் கிடைக்குமா என்பவற்றைக் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். நீருக்குப் பறிகொடுப்பதற்குப் போதிய பந்துகளையும் கையோடு கொண்டு செல்லுங்கள்.