டேலி, ஊர் சாப்ட்வேர், ஈஆர்பிநெக்ஸ்ட்: சின்ன பனியன் கம்பெனிக்கு எது சரிப்படும்?

திருப்பூரில் நூலை வாங்கி, நிட்டிங் (துணி பின்னுவது), டையிங் (சாயம் போடுவது), காம்பாக்டிங் (துணி பிறகு சுருங்காதபடி அழுத்துவது) எல்லாவற்றையும் வெளியில் கொடுத்துவிட்டு, கட்டிங், தையல், பேக்கிங்கை மட்டும் சொந்தமாக வைத்திருக்கும் கம்பெனிகள் ஏராளம். எங்களுடையதும் அப்படித்தான். எங்கள் முன் மூன்று வழிகள் இருந்தன. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த டேலிபிரைம் கணக்கு சாப்ட்வேரிலேயே ஜாப் ஒர்க் (நம் சரக்கை வெளியில் கொடுத்து வேலை செய்து வாங்குவது) வசதியைத் திறந்துகொள்ளலாம். கார்மெண்ட்டுக்கென்றே ஊரில் எழுதித் தரும் சாப்ட்வேரை வாங்கலாம். அல்லது கணக்கு, ஸ்டாக், உற்பத்தி எல்லாவற்றையும் ஒன்றாகப் பார்க்கும், ஓப்பன் சோர்ஸான ஈஆர்பிநெக்ஸ்டுக்குப் போகலாம். நாங்கள் எடுத்தது மூன்றாவது. என் சாய்வும் அந்தப் பக்கம்தான்.

பில் போடுவது, ஜிஎஸ்டி ரிட்டர்னுக்கு எடுத்துக் கொடுப்பது எல்லாம் மூன்றிலும் நடக்கும். 2023 ஆகஸ்ட் 1 முதல் 5 கோடிக்கு மேல் விற்றுமுதல் இருந்தால் இ-இன்வாய்ஸ் (அரசுத் தளத்தில் பதியும் பில்) கட்டாயம். அது இல்லாமல் இன்று யாராலும் சாப்ட்வேர் விற்க முடியாது. விலையைப் பற்றி ஒன்று மட்டும்: ஈஆர்பிநெக்ஸ்டுக்கு லைசன்ஸ் காசு கிடையாது என்பதால் இலவசம் என்று நினைக்க வேண்டாம். சர்வர் வாடகை உண்டு, அமைத்துத் தருபவருக்குச் சம்பளம் உண்டு.

ஊர் சாப்ட்வேரின் பலம், அது நம் பாஷை பேசும். லாட் (ஒன்றாகச் சாயம் போடும் துணித் தொகுதி), டயா (துணியின் அகல அளவு), ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்பது), கலர் எல்லாம் ஒரே திரையில் வந்துவிடும். டிசி (சரக்கோடு போகும் டெலிவரி சலான்) பிரிண்ட் நாம் பழகிய வடிவத்திலேயே வரும். சூப்பர்வைசருக்குப் பெரிதாகச் சொல்லித்தரவே வேண்டியதில்லை. ஆனால் அதை எழுதியவர் ஒருவரோ இருவரோதான். எனக்குத் தெரிந்த ஒரு கம்பெனியில் எழுதிக் கொடுத்தவர் வேறு தொழிலுக்குப் போய்விட்டார். பழைய லாட் விவரங்களை வெளியே எடுக்க வழியில்லாமல் எல்லாவற்றையும் எக்செலில் திரும்ப அடித்தார்கள். டேட்டாபேஸ் பாஸ்வேர்டையும் முழு பேக்கப்பையும் நம் கையில் தருவதாக எழுதிக் கொடுப்பவர் கிடைத்தால் இந்த வழியை ஒதுக்க வேண்டியதில்லை.

டேலிக்கு வருவோம். கணக்குப்பிள்ளை வேலையை விட்டுப் போனால், டேலி தெரிந்த இன்னொருவர் சீக்கிரமே கிடைத்துவிடுவார். ஆடிட்டருக்கும் அதுதான் வசதி. சரக்கை வெளியே அனுப்ப, திரும்ப வாங்க என்று ஜாப் ஒர்க்குக்கான வவுச்சர்களும் அதில் உண்டு. அப்புறம் ஏன் அதோடு நிற்கவில்லை?

காரணம், டிசியை யார், எப்போது பதிகிறார்கள் என்பது. சின்ன கம்பெனியில் துணி வண்டி ஏறும்போது டிசி புத்தகத்தில் கையால் எழுதிக் கிழித்துக் கொடுத்துவிடுவார்கள். அந்தத் தாள்கள் வாரக் கடைசியில் கணக்குப்பிள்ளை மேசைக்கு வரும். சாயப்பட்டறையிலிருந்து துணி திரும்பிய தாள் முதலில் கையில் கிடைக்கும். அனுப்பிய தாள் அடியில் இருக்கும். கையிருப்பு மைனஸில் போனால் டேலி எச்சரிக்கும். நாம் மேலே போய்க்கொண்டே இருக்கலாம். பழைய தேதி வவுச்சரைத் திறந்து எடையையும் மாற்றலாம். கணக்கு எழுதுபவருக்கு இது பெரிய சௌகரியம். ஆனால் 500 கிலோ அனுப்பி 465 கிலோ திரும்பினால், அந்த 35 கிலோ டையிங் லாஸா (சாயம் போடும்போது குறையும் எடை), பாக்கி ரோலா, எழுதாமல் விட்ட டிசியா என்று மாதக் கடைசியில் யாராலும் சொல்ல முடியாது. பட்டறைக்காரர் பில்லோடு வந்து நிற்கும்போது நம்மிடம் பதில் இருக்காது.

ஈஆர்பிநெக்ஸ்டில், நாமாக அமைப்பை மாற்றாதவரை, கையிருப்பில் இல்லாத சரக்கை அனுப்பவே விடாது. பதிவை ஒருமுறை சமர்ப்பித்துவிட்டால் எடையைத் திருத்த முடியாது. ரத்துசெய்து புதிதாகத்தான் போட வேண்டும், ரத்தான பதிவும் அப்படியே கிடக்கும். இதனால் டிசி பதிவு கணக்குப்பிள்ளை மேசையிலிருந்து ஸ்டோர்ஸுக்கு நகர்ந்தே ஆக வேண்டியிருக்கிறது. சிஸ்டத்திலிருந்து பிரிண்ட் வராமல் வண்டி கிளம்பாது என்று ஒரு விதி வைத்தோம். ஆரம்பத்தில் ஸ்டோர்ஸில் முணுமுணுப்பு பலமாகவே இருந்தது. முதலாளியே ஷிப்மெண்ட் அவசரத்தில் "இப்போதைக்குக் கையால் எழுதி அனுப்பு" என்று சொன்னால் அன்றோடு விதி போய்விடும். இப்படிச் சின்ன இடங்களில் இந்த வேலை படுத்துவிடுவதற்குப் பெரும்பாலும் சாப்ட்வேர் காரணமில்லை, அந்த ஒரு வாக்கியம்தான் காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இன்னொரு அமைப்பையும் முதலிலேயே கவனியுங்கள். ஈஆர்பிநெக்ஸ்டின் சப்காண்ட்ராக்டிங்கில் (வெளியில் கொடுக்கும் வேலை) மூலப்பொருளை பிஓஎம் (எதற்கு எவ்வளவு பொருள் என்று முன்பே எழுதிய பட்டியல்) அளவுப்படி கழிப்பதா, உண்மையில் அனுப்பிய எடைப்படி கழிப்பதா என்று கேட்கும். சாயத்துக்கு இரண்டாவதுதான் சரி. லைட் கலருக்கும் டார்க் கலருக்கும் லாஸ் ஒன்றாக இருக்காது.

ஜிஎஸ்டியிலும் இந்த டிசி பதிவுக்கு வேலை இருக்கிறது. ஜாப் ஒர்க்குக்கு அனுப்பிய சரக்கு 1 வருடத்துக்குள் திரும்பாவிட்டால், அனுப்பிய நாளிலேயே விற்றதாகக் கணக்காகிவிடும். ஜாப் ஒர்க்குக்கு அனுப்பியதையும் திரும்பியதையும் காட்டும் ஐடிசி-04 படிவமும் தாக்கல் செய்ய வேண்டும். விற்றுமுதல் 5 கோடி வரை என்றால் வருடத்துக்கு ஒருமுறை, அதற்கு மேல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை. டிசி ஒழுங்காக இருந்தால் அந்தப் படிவத்துக்குத் தனியாக உட்கார வேண்டியதில்லை.

எங்கள் வரவுசெலவுக் கணக்கு மட்டும் இன்னும் டேலியில்தான் ஓடுகிறது. பில் விவரத்தை அங்கே கொண்டுபோவது கூடுதல் வேலைதான். அதைத் தாங்கிக்கொள்ள ஆள் இல்லாத இடத்துக்கு இதை நான் வற்புறுத்த மாட்டேன். டெய்லர்களின் பீஸ் ரேட் சம்பளத்தை நாங்கள் ஈஆர்பிநெக்ஸ்டில் போட்டுப் பார்க்கவில்லை, அதனால் அதைப் பற்றி எதுவும் சொல்வதற்கில்லை. நிட்டிங் மெஷினும் சொந்தமாக வைத்திருப்பவர்களுக்கு என் அனுபவம் பாதிதான் பொருந்தும்.

மாறுவதாக இருந்தால் ஏப்ரல் 1-ஐ வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன்பே ஒவ்வொரு பட்டறையிலும் நம் துணி எத்தனை கிலோ நிற்கிறது என்று அவர்கள் கையெழுத்தோடு வாங்கிவிடுங்கள். வருடக் கணக்குக்கு ஆடிட்டர் கேட்கும் ஸ்டாக்கும் அதுதான் என்பதால், எண்ணும் வேலை ஒரே தடவையில் முடிந்துவிடும்.