எட்மன்டன் நகரின் ஓரத்தில் வடதுருவ ஒளி: டர்பனிலிருந்து செல்வோருக்கு ஒரு மதிப்புரை

செப்டம்பர் இறுதியை ஒட்டி வரும் பள்ளி விடுமுறையில், கனடாவின் எட்மன்டன் நகரில் இருக்கும் தங்கையின் குடும்பத்தைப் பார்க்க, தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து சென்றிருந்தோம். வடதுருவ ஒளியைக் காண அங்கே இரண்டு சேவைகளைப் பயன்படுத்தினோம். ஒன்று, பயணிகளை இரவில் நகருக்கு வெளியே அழைத்துச் செல்லும் கட்டண வேன். மற்றொன்று, அல்பெர்ட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நடத்தும் ‘அரோராவாட்ச்’ என்னும் இலவச மின்னஞ்சல் அறிவிப்பு. இவ்விரண்டில் இலவசமாகக் கிடைப்பதே முதன்மையானது என்பதும், வேனுக்குக் கொடுக்கும் பணம் இருட்டில் வண்டி ஓட்டுபவருக்கும் வானத்தைப் பார்த்துச் சரியாகச் சொல்லத் தெரிந்த ஒருவரின் துணைக்கும் உரிய கூலி மட்டுமே என்பதும் என் முடிவு.

பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் பெருநகர்ப் பகுதியின் அருகிலேயே இந்த ஒளியைக் காண முடிகிறது என்பதை டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் சொன்னால் பலர் நம்புவதில்லை. எட்மன்டன் ஏறத்தாழ லிவர்பூலின் அட்சரேகையில்தான் இருக்கிறது. ஆனால் பூமியின் வட புவிகாந்தத் துருவம் கனடாவின் பக்கம் சாய்ந்திருப்பதால், அந்தத் துருவத்தைச் சுற்றி இந்த ஒளி தோன்றும் வளையம் அந்த நகரை நெருங்கி வருகிறது. தெற்கில் நமக்கு இதற்கு நேர்மாறான நிலை. அங்கே துருவம் ஆஸ்திரேலியாவின் பக்கம் சாய்ந்திருப்பதால் தென்துருவ ஒளி நம் நாட்டிலிருந்து வெகுதூரம் விலகியே நிற்கிறது. 2024 மே 10, 11 தேதிகளில் பூமியின் காந்தப்புலத்தைக் குலுக்கிய பெரும் காந்தப் புயலின்போது மேற்கு கேப் கடற்கரையில் சிலர் அதைப் படம்பிடிக்க முடிந்தது என்றால், 2003-க்குப் பிறகு அந்த அளவை எட்டிய முதல் புயல் அது என்பதுதான் காரணம்.

அரோராவாட்ச் நகருக்கு அருகே நிறுவப்பட்ட, காந்தப்புலத்தை அளக்கும் கருவியான காந்தமானியின் அளவீடுகளைக் கொண்டு இயங்குகிறது. மேலே ஒளி தோன்றும்போது வானில் பாயும் மின்னோட்டம் தரையில் உள்ள காந்தப்புலத்தை அசைக்கிறது. அந்த அசைவு ஓர் அளவைத் தாண்டினால் மஞ்சள் எச்சரிக்கையும், அதையும் தாண்டினால் சிவப்பு எச்சரிக்கையும் மின்னஞ்சலில் வருகின்றன. உலகம் முழுமைக்கும் சொல்லப்படும் முன்கணிப்பைவிட இது பயனுள்ளதாக இருப்பதற்குக் காரணம், அந்த நகரின் வானில் அந்த நேரத்தில் நிகழ்வதையே இது சொல்கிறது என்பதுதான். மேகம் இருக்கிறதா என்பதைக் காந்தமானி அறியாது. அதற்கு வானிலைத் துறையின் மேகப் படத்தைத் தனியே பார்த்துக்கொள்ள வேண்டும். சூரியனிலிருந்து வந்து இந்த ஒளிக்குக் காரணமாகும் துகளோட்டமான சூரியக் காற்றை அளக்கும் விண்கலங்கள் பூமியிலிருந்து 15 லட்சம் கி.மீ. தொலைவில் இருப்பதால், அவற்றின் வழியாகவும் ஒரு மணி நேரமோ அதற்குக் குறைவாகவோதான் உறுதியான முன்னறிவிப்பு கிடைக்கிறது. ஆகவே பல வாரங்களுக்கு முன்பே ஒரு தேதியைக் குறித்துப் பணம் கட்டுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

வேன் சென்ற இடம் எல்க் ஐலண்ட் தேசியப் பூங்கா. நகருக்குக் கிழக்கே சுமார் 40 கி.மீ. தொலைவில் உள்ள அந்தப் பூங்காவும் அதைச் சூழ்ந்த பகுதியும் 2006-இல், செயற்கை வெளிச்சத்தைக் கட்டுப்படுத்தும் இருண்ட வான் காப்பகமாக அறிவிக்கப்பட்டன. அஸ்டோட்டின் ஏரிக்கரையில் நின்றால் நகரத்தின் வெளிச்சம் தென்மேற்கே ஒதுங்கிவிடுகிறது. வடக்கு அடிவானம் தெளிவாக இருக்கிறது. இந்தப் பயணத்துக்கு இதைவிட ஏற்ற இடம் அந்த நகரின் அருகே இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

வேனை நடத்துபவர்களிடம் எனக்குப் பிடித்தது, ஓட்டுநரே வழிகாட்டியாகவும் இருந்து சிவப்பு விளக்கு மட்டும் பயன்படுத்தியது. கண் இருட்டுக்குப் பழக 20 முதல் 30 நிமிடங்கள் ஆகும் என்பதையும், கைப்பேசித் திரையை ஒருமுறை பார்த்தாலும் அந்தப் பழக்கம் கெட்டுவிடும் என்பதையும் அவர் முதலிலேயே சொன்னார். ஆனால் வேனின் கதவைத் திறக்கும்போதெல்லாம் உள்ளே வெள்ளை விளக்கு எரிந்ததைத் தடுக்க எந்த ஏற்பாடும் இல்லை. ‘உத்தரவாதம்’ என்று விளம்பரத்தில் எழுதியிருப்பது, ஒளி தெரியாவிட்டால் வேறோர் இரவு இலவசமாக அழைத்துச் செல்வது என்ற அளவில்தான். மறுநாள் விமானம் ஏறுபவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. அதைப் பெரிய எழுத்தில் சொல்வது நேர்மையாக இருக்கும். உணவைப் பொறுத்தவரை, நாங்கள் புரட்டாசி விரதத்தில் இருந்தோம். சூடான சாக்லேட்டில் மிதக்கவிடும் மார்ஷ்மெல்லோவில் பெரும்பாலும் விலங்கிலிருந்து எடுக்கப்படும் ஜெலட்டின் இருக்கும், சூப்பும் இறைச்சிச் சாற்றில் செய்ததாக இருக்கக்கூடும் என்பதால், பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள்.

நாங்கள் கண்டதை உள்ளபடி எழுத வேண்டும். வடக்கே தாழ்வாக ஒரு வெளிறிய வளைவு முதலில் தோன்றியது. அது மெல்லிய மேகம் என்றே என் அம்மா சொன்னார்கள். ஓட்டுநர் சில விநாடிகள் ஒளிவாங்கிய படத்தைக் காட்டியபோது அதே வளைவு பச்சையாக இருந்தது. மங்கிய ஒளியில் கண்ணின் நிறமறியும் செல்கள் வேலை செய்வதில்லை. கேமராவுக்கு அந்தத் தடை இல்லை. விளம்பரப் படங்களில் உள்ள பச்சையை எதிர்பார்த்து வருபவர்கள் இந்தக் கட்டத்திலேயே ஏமாந்து வேனுக்குள் போய் உட்கார்ந்துவிடுகிறார்கள், எங்களுடன் வந்தவர்களிலும் சிலர் அப்படித்தான் செய்தார்கள். நள்ளிரவு நெருங்கும்போது வளைவு உடைந்து, செங்குத்தான கதிர்களாகப் பிரிந்து, கிழக்கிலிருந்து மேற்காக ஓடத் தொடங்கியது. அப்போது கண்ணுக்கே பச்சை தெரிந்தது. கதிர்களின் கீழ் விளிம்பில் இளஞ்சிவப்பும் சில கணங்கள் ஓடியது. பச்சை 100 கி.மீ. உயரத்துக்கு மேலுள்ள ஆக்சிஜனிலிருந்தும், அந்த இளஞ்சிவப்பு அதற்கும் கீழுள்ள நைட்ரஜனிலிருந்தும் வருகின்றன. படங்கள் எதிலும் இல்லாத ஒன்று அந்த அசைவின் வேகம். அதற்காகவே இந்தப் பயணத்தை எல்லோருக்கும் பரிந்துரைக்கிறேன்.

காலத்தைப் பற்றி ஒரு சொல். ஜூன், ஜூலை விடுமுறையில் போக வேண்டாம், அந்த அட்சரேகையில் அப்போது முழு இருட்டே வருவதில்லை. சம இரவு நாளான செப்டம்பர் 22, 23-ஐ ஒட்டிய வாரங்களில் காந்தப் புயல்கள் அதிகம். புரட்டாசி அமாவாசையை ஒட்டிய இரவுகளில் நிலவின் தொல்லையும் இல்லை. இரவில் குளிர் சுழியம் பாகையை நெருங்கும். நம் குளிர்காலமான ஜூலையில் டிராக்கன்ஸ்பெர்க் மலைக்கு எடுத்துச் செல்லும் உடைகளே போதுமானவை.

அங்கே வலப்பக்கம் வண்டி ஓட்டப் பழகிய உறவினர் இருந்தால் வேன் தேவையில்லை; அறிவிப்பு வந்தவுடன் காரில் புறப்படலாம், பூங்கா இரவிலும் திறந்திருக்கிறது. காட்டெருமைகள் சாலையில் நிற்கும் என்பதால் மெதுவாக ஓட்டவும், அவற்றிடமிருந்து 100 மீட்டர் விலகி நிற்கவும் வேண்டும். இடப்பக்கம் மட்டுமே ஓட்டிப் பழகியவர்கள் தனியாகச் சென்றால் வேனையே எடுங்கள். ஆனால் மேகப் படத்தைப் பார்த்த பிறகு, அன்று மாலையே பதிவு செய்யுங்கள்.