தோப்புக்கு சோலார் கேமரா: ராத்திரிக்கு சரி, மதியத்துக்கு ஆகாது

ஆனைமலைப் பக்கம் எங்கள் தோப்பில் காட்டுப்பன்றித் தொல்லை. வைத்த தென்னங்கன்றுகளைத் தோண்டிக் குருத்தைத் தின்றுவிடுகின்றன. கரன்ட் எட்டாத வேலியோரத்துக்கு என்று, சிம் போட்டு ஓடும், தானே திரும்பிப் பார்க்கும் சோலார் கேமரா ஒன்று 6,500 ரூபாய்க்கு வாங்கினேன். கம்பெனிப் பெயர் வேண்டாம். இந்த விலையில் எல்லாம் ஏறக்குறைய ஒரே சரக்குதான்.

பேட்டரி தீராமலிருக்க இது பெரும்பாலும் தூங்கும். எதிரே உடல் சூடு நகர்ந்தால் பிஐஆர் சென்சார் எழுப்பிவிடும். ராத்திரியில் இது நன்றாகவே வேலை செய்கிறது. சித்திரை மதியத்தில் மண்ணும் காற்றும் நம் உடம்புச் சூட்டுக்கு வந்துவிடுவதால், ஆள் குறுக்கே நடந்தாலும் சில சமயம் கண்டுகொள்வதில்லை. எழுந்து பதிவைத் தொடங்கவும் கொஞ்சம் நேரம் எடுக்கும். ஓடுகிற பன்றி என்றால் வால் மட்டும்தான் கிடைக்கும்.

எனக்குப் பெரிய குறை வேறு. அசைவதைத் துரத்தித் திரும்புவதைத்தான் விளம்பரத்தில் பெரிதாகச் சொல்கிறார்கள். ஒரு மயில் வந்தால் போதும், அதன் பின்னாலேயே திரும்பிவிடும். அந்த நேரம் வேலிப் பக்கம் பார்க்க நாதியில்லை. வாங்குவதானால் இரட்டை லென்ஸ் மாடல் பாருங்கள்: ஒன்று அசையாமல் நிற்கும், மற்றது துரத்தும். அப்புறம், ஆட்கள் உட்கார்ந்து சாப்பிடும் இடத்தையும் இது திரும்பிப் பார்க்கும். வேலைக்கு வரும் அக்கா ஒருத்தர் சொன்ன பிறகு கம்பத்தை மாற்றி நட்டேன்.

மனிதர், வண்டி என்று பிரித்துச் சொல்கிறது. பன்றி, நாய், மயில் எல்லாம் இதற்கு வெறும் ‘அசைவு’தான். பெயர் சொல்லும் கருவி இல்லாமல் இல்லை. கோவை பக்கம் மதுக்கரையில், யானைகள் ரயிலில் அடிபடாமலிருக்க, தண்டவாளத்தை ஒட்டி வனத்துறை 2024-இல் 12 கோபுரங்கள் நிறுத்தியது. அவற்றில் உள்ள வெப்பக் கேமராக்கள் பிடிக்கும் படத்தைப் பார்த்து, யானைதானா என்று மென்பொருளே முடிவு செய்து தகவல் அனுப்புகிறது. ரயிலை மெதுவாக்கச் சொல்ல அவகாசம் கிடைக்கிறது. அது கோடிக் கணக்கில் செலவு. ஆனாலும் அந்த அறிவு சின்னக் கேமராவுக்கும் ஒரு நாள் இறங்கி வரும். அன்றைக்கு இன்னும் இரண்டு வாங்குவேன்.

இப்போதைக்கு இந்தக் கேமராவுக்கு ஐந்துக்கு மூன்று மார்க். சோலார் பலகையை மர நிழலில் மாட்டாதீர்கள். நீள ஒயர் வாங்கி மோட்டார் ரூம் கூரைமேல் வையுங்கள். மெமரி கார்டு பெட்டியில் வராது.