ஹார்ட் டிஸ்க்கைக் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள்

பழைய டெஸ்க்டாப் ஸ்லோவாக இருக்கிறது என்று சர்வீஸ் கடைக்குத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள், தயவுசெய்து இதைப் படித்துவிட்டுப் போங்கள். எனக்கு இது நடந்தது திருப்பூரில். புகார் இன்னும் முடியாததால் கடையின் பெயரை எழுதவில்லை. 6,800 ரூபாய் வாங்கிக்கொண்டு ஏமாற்றினார்கள் என்பதோடு விஷயம் முடிந்திருந்தால் நான் இவ்வளவு நீளமாக எழுதியிருக்க மாட்டேன். என்னை நம்பிக் கணக்குக் கொடுத்தவர்களுடைய பான், ஆதார், பேங்க் ஸ்டேட்மென்ட் எல்லாம் அந்தக் கடை டிராயரில் கிடந்தன. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் வீட்டிலிருந்தே கணக்கு எழுதுகிறேன். பனியன் கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க் செய்யும் சின்ன யூனிட்காரர்கள்தான் என்னிடம் வருகிறார்கள். ஸ்டிச்சிங், காஜா பட்டன், அயர்னிங் என்று நாலு மெஷின், ஆறு மெஷின் போட்டு நடத்துகிறவர்கள். மாதம் 11ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1 என்ற விற்பனைக் கணக்கு, 20ஆம் தேதிக்குள் 3பி என்ற வரிக் கணக்கு போட வேண்டும். கம்ப்யூட்டர் 2015இல் வாங்கியது. ஐ3 நான்காம் தலைமுறை பிராசஸர், 4ஜிபி ரேம் (வேலை ஓடும்போது தகவலைத் தாங்கும் தற்காலிக நினைவகம்) இரண்டு, 1டிபி ஹார்ட் டிஸ்க். ஒரிஜினல் விண்டோஸ் 8.1 போட்டுத்தான் வாங்கினோம். அப்புறம் இலவச அப்கிரேடு கொடுத்தபோது 10க்கு மாறினோம். வாங்கின பில் ஃபைலில் பத்திரமாக இருந்தது. பின்னால் பேசும்போது எனக்குப் பலமாக நின்றது அந்த பில்தான்.

கொஞ்ச காலமாகவே மெஷின் ரொம்ப மோசம். ஆன் செய்தால் டெஸ்க்டாப் வரும், ஆனால் எதை கிளிக் செய்தாலும் சுற்றிக்கொண்டே இருக்கும். டேலி என்ற கணக்கு மென்பொருளும் குரோமும் ஒன்றாகத் திறந்தால் மவுஸே நகராது. 20ஆம் தேதி நெருங்க நெருங்கப் பயம் வந்துவிட்டது. தெரிந்தவர் சொன்ன ஒரு கடைக்கு எடுத்துப் போனேன்.

கடைப் பையன் பவர் போட்டு, ஸ்கிரீனை அரை நிமிடம்கூடப் பார்த்திருக்க மாட்டான். "ரேம் வீக்காயிருச்சுங்க அக்கா. வைரஸும் இருக்கு. விண்டோஸ் 10 எல்லாம் நிறுத்திட்டாங்க, இனிமே பேங்க் சைட், ஜிஎஸ்டி சைட் எதுவும் ஓப்பன் ஆகாதுங்க. 11 போட்டு, எஸ்எஸ்டி மாத்தி, ரேம் சர்வீஸ் பண்ணித் தர்றனுங்க" என்றான். எஸ்எஸ்டி என்பது ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும், சுற்றும் தட்டு இல்லாத வேகமான டிஸ்க்.

இந்த ஒரு பேச்சில் எத்தனை பொய் என்று இப்போது தெரியும். மற்றவர்களிடமும் இதையேதான் சொல்வார்கள் என்பதால் ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். ரேம் "வீக்" ஆகாது. ஒன்று சரியாக வேலை செய்யும். இல்லை, கெட்டுப்போய் நீலத் திரை வரும், ஆன் ஆகாமல் பீப் அடிக்கும், ஃபைல் கெடும். சந்தேகம் என்றால் விண்டோஸிலேயே மெமரி டயக்னாஸ்டிக் என்று ஒரு சோதனை இருக்கிறது, ரீஸ்டார்ட் செய்து பார்த்துவிடலாம். ரேமுக்கு "சர்வீஸ்" என்று ஒரு வேலையே கிடையாது. தங்கநிற முனையை ரப்பர் வைத்துத் துடைத்து மறுபடி செருகுவார்கள், அவ்வளவுதான். விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14உடன் சப்போர்ட்டை நிறுத்தியது உண்மை. அதற்காக அன்றைக்கே எந்த சைட்டும் மூடிக்கொள்ளவில்லை. வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் மட்டும் வாங்கிக்கொள்ள ஒரு திட்டமும் கொடுத்திருக்கிறார்கள். செட்டிங்ஸில் அப்டேட் பக்கத்திலேயே பதிவு செய்யலாம். விண்டோஸ் 11ஐப் பொறுத்தவரை, இன்டெல் என்றால், ஏழாம் தலைமுறையில் ஒரு சிலவற்றைத் தவிர, எட்டாம் தலைமுறைக்குக் கீழே உள்ள பிராசஸர்களை மைக்ரோசாஃப்ட் பட்டியலிலேயே சேர்க்கவில்லை. என் நான்காம் தலைமுறை மெஷினில் குறுக்கு வழியில்தான் போட முடியும். போட்டால் அப்டேட் தொடர்ந்து வரும் என்று உத்தரவாதமும் இல்லை.

மெஷின் திரும்பி வந்தது. எஸ்எஸ்டி 3,200, விண்டோஸ் 11 "ஒரிஜினல்" 1,500, ரேம் சர்வீஸ் 900, டேட்டா காப்பி 700, ஃபுல் கிளீனிங் 500. பில் கேட்டேன். ஒரு துண்டுச் சீட்டில் மொத்தத் தொகையை மட்டும் எழுதிக் கொடுத்தான்; கடைப் பெயர் இல்லை, ஜிஎஸ்டி நம்பர் இல்லை. நாள் முழுக்க அடுத்தவர்கள் பில்லை வைத்து வேலை செய்கிறவள் நான். சரியான பில் வேண்டும் என்று திரும்பவும் கேட்டதற்கு, ஓனர் வந்தால் வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன் என்றான். வரவேயில்லை.

முதலில் வேகமாகத்தான் இருந்தது. டேட்டாவெல்லாம் ஏறி, இரண்டு மூன்று பிரவுசர் டேப் திறந்து உட்கார்ந்ததும் பழையபடி திணற ஆரம்பித்தது. கோயமுத்தூரில் சிஸ்டம் அட்மினாக இருக்கும் அண்ணன் மகன் ஞாயிற்றுக்கிழமை வந்திருந்தான். எந்தப் பாகம் எவ்வளவு உழைக்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்து மெமரி பக்கத்தைப் பார்த்ததும் கேட்டான்: "அத்தை, ரெண்டு ரேம் இருந்துச்சில்ல? இப்ப நாலு ஜிபிதான் காட்டுது."

பக்கவாட்டு மூடியைக் கழற்றினோம். இரண்டு ஸ்லாட்டில் ஒன்று காலி. மற்றதில் இருந்ததும் என்னுடையது இல்லை. பில்லில் 1600 ஸ்பீடு ரேம் இரண்டு என்று தெளிவாக இருக்கிறது. அங்கே செருகியிருந்தது 1333. விண்டோஸ் 11க்குக் குறைந்தபட்சத் தேவையே 4ஜிபி ரேம். அதில் டேலி, குரோம் எல்லாம் திறந்தால் திணறாமல் என்ன செய்யும்?

500 ரூபாய் கிளீனிங் எங்கே நடந்தது என்று தேடினோம். பிராசஸர் ஃபேனுக்கு அடியில் சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்கின் இடுக்குகளில் தூசி கம்பளிபோல் படிந்து அப்படியே இருந்தது. வெளியில் கேபினெட்டை மட்டும் பளபளவென்று துடைத்திருந்தார்கள்.

எஸ்எஸ்டியைக் கையில் எடுத்துப் பார்த்தோம். நன்றாகப் பெயர் தெரிந்த ஒரு கம்பெனியின் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. ஆனால் ஒரு ஓரம் லேசாகக் கிளம்பியிருக்க, அடியில் இன்னொரு ஸ்டிக்கரின் விளிம்பு தெரிந்தது. மறுபடி மாட்டி, டிஸ்க்கின் நிலையைக் காட்டும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளை ஓட்டினான். மேலே அந்தக் கம்பெனியின் பெயரே இல்லை. 'எஸ்எஸ்டி 240ஜிபி' என்று ஒரு மொட்டைப் பெயர். 'பவர் ஆன் ஹவர்ஸ்', அதாவது இதுவரை ஓடிய மணி நேரம் என்ற இடத்தில் 14,000க்கு மேல் ஒரு எண். புதுசு என்றால் அங்கே பூச்சியமோ ஒன்றிரண்டோதான் இருக்க வேண்டும். தினம் எட்டு மணி நேரம் ஓடியது என்று வைத்தால் ஐந்து வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவு. யார் ஆஃபீஸிலோ அத்தனை காலம் உழைத்த டிஸ்க்கை எனக்குப் புதுசு என்று விற்றிருக்கிறார்கள். நீங்கள் எஸ்எஸ்டி மாற்றினால் கடையிலேயே, பணம் கொடுக்கும் முன், இந்த ஒரு எண்ணைக் காட்டச் சொல்லுங்கள். இரண்டு நிமிட வேலை.

விண்டோஸ் "ஒரிஜினல்" கதை இன்னும் மோசம். செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் பக்கத்தில், உங்கள் நிறுவனத்தின் ஆக்டிவேஷன் சர்வீஸ் வழியாக ஆக்டிவேட் ஆகியிருக்கிறது என்று ஒரு வரி. என் வீட்டில் எந்த நிறுவனம்? பெரிய கம்பெனிகள் தங்கள் சர்வரில் வைத்து, 180 நாளுக்குள் புதுப்பித்துக்கொண்டே இருக்கும் லைசென்ஸ் முறை அது. லைசென்ஸ் வாங்காமலே ஆக்டிவேட் செய்யும் கிராக் மென்பொருள்கள் அதைப் போலியாக ஓட்டும். அந்தக் கிராக்கை ஆன்டிவைரஸ் பிடித்துவிடாமல் இருக்க, விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டரில் ஒரு ஃபோல்டரை ஸ்கேன் செய்யாதே என்று விதிவிலக்கும் போட்டு வைத்திருந்தார்கள். இந்த மெஷினில்தான் நான் பதினைந்து இருபது பேருடைய ஜிஎஸ்டி பாஸ்வேர்டை அடிக்கிறேன். இத்தனைக்கும் எனக்குக் கிராக்கே தேவையில்லை. இலவச அப்கிரேடில் வந்த விண்டோஸ் 10 ஹோமின் டிஜிட்டல் லைசென்ஸ் மதர்போர்டோடு சேர்ந்து பதிவாகியிருக்கிறது. அதே மெஷினில் அதே ஹோம் பதிப்பைப் புதிதாகப் போட்டு இன்டர்நெட் கொடுத்தாலே தானாக ஆக்டிவேட் ஆகிவிடும்.

அதுவரை கோபம் மட்டும்தான் இருந்தது. "பழைய ஹார்ட் டிஸ்க் எங்கத்தை?" என்று அவன் கேட்டபோது கை கால் ஓடவில்லை. மெஷினை வாங்கும்போதே அதைக் கேட்டிருந்தேன். "அது செத்துப் போச்சுங்க அக்கா, ஸ்கிராப்ல போட்டாச்சு" என்று பதில் வந்திருந்தது. செத்த டிஸ்க்கிலிருந்து 700 ரூபாய்க்கு டேட்டா காப்பி எடுத்தது எப்படி?

அன்று சாயங்காலமே இரண்டு பேரும் கடைக்குப் போனோம். ஓனர் இருந்தார். முதலில் இல்லை என்றார். அப்புறம், பழசை எடுத்துக்கொண்டுதான் விலை குறைத்துப் போட்டோம் என்றார். அண்ணன் மகன் குரலை உயர்த்தவில்லை. "அண்ணா, அதுல இருபது பேரு ஆதார், பான் இருக்குதுங்க. நாளைக்கு அத வெச்சு ஏதாச்சும் நடந்தா, கடைசியா டிஸ்க் இங்கதான் இருந்துச்சுன்னு நாங்க போலீஸ்ல எழுதிக் குடுப்போம்" என்று மட்டும் சொன்னான். கவுண்டருக்குக் கீழே இருந்த டிராயரிலிருந்து டிஸ்க் வந்தது. அந்த டிராயரில் அதுபோல இன்னும் நிறைய டிஸ்க் அடுக்கி இருந்ததை நானே பார்த்தேன். அவை யாருடையவையோ.

ஃபார்மட் செய்துவிட்டோம், பயப்படாதீர்கள் என்றார் ஓனர். வீட்டுக்கு வந்து, இலவசமாகக் கிடைக்கும் ஒரு ரெக்கவரி மென்பொருளை ஓட்டினோம். க்விக் ஃபார்மட் என்பது ஃபைல்களின் பட்டியலை மட்டும்தான் புதிதாக்கும், உள்ளே எழுதியிருப்பது அப்படியே இருக்கும். ஸ்கிரீனில் ஒவ்வொரு யூனிட்காரர் பெயரிலும் நான் வைத்திருந்த ஃபோல்டர் வரிசையாக ஏறி வந்தது. ஆதார் இரண்டு பக்கம், கேன்சல் செய்த செக், வாடகை ஒப்பந்தம், கரண்ட் பில். ஜிஎஸ்டி பதிவுக்கு என்னவெல்லாம் வாங்குவோமோ எல்லாம் முழுசாகத் திறந்தன. எல்லாருக்கும் போன் செய்து நடந்ததைச் சொல்லி, போர்ட்டல் பாஸ்வேர்டுகளையும் நெட் பேங்கிங் பாஸ்வேர்டுகளையும் மாற்றச் சொன்னேன். டிஜிட்டல் கையெழுத்து யுஎஸ்பி டோக்கனில் தனியாக இருந்ததால் அது தப்பியது.

மெஷின் ஏன் ஸ்லோவானது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். சும்மா இருக்கும்போதே டிஸ்க் 100 சதவீதம், பக்கத்தில் வேகம் பார்த்தால் ஒன்றிரண்டு எம்பி என்று காட்டினால் காரணம் பெரும்பாலும் ஹார்ட் டிஸ்க்தான். நிமிடத்துக்கு 7,200 சுற்றுச் சுற்றும் தட்டின் மேல் ஊசி இங்குமங்கும் ஓடிப் படிக்கிறது. சின்னச் சின்ன ஃபைலாகக் கேட்டால் நொடிக்கு ஏறக்குறைய நூறு தடவைதான் முடியும். சாதாரண எஸ்எஸ்டி அதையே ஆயிரக்கணக்கில் செய்யும். என் பழைய டிஸ்க்கைச் சோதித்தபோது கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ மஞ்சள் நிறத்தில் எச்சரிக்கை காட்டியது. படிக்கச் சிரமப்படும் செக்டார்கள் (தகவல் எழுதும் சிறு பகுதிகள்) சேர்ந்திருந்தன. ஆக எஸ்எஸ்டி மாற்றச் சொன்னது மட்டும் சரியான பேச்சு. அதையும் நேர்மையாகச் செய்யவில்லை.

பெட்டி பிரிக்காத எஸ்எஸ்டியை ஜிஎஸ்டி பில்லோடு வேறு கடையில் வாங்கி, விண்டோஸ் 10 ஹோம் போட்டோம். சொன்னபடியே தானாக ஆக்டிவேட் ஆனது. காலி ஸ்லாட்டுக்கு ஒரு ரேம், ஹீட்சிங் தூசி எடுத்து, சூட்டைக் கடத்தும் புதுப் பேஸ்ட். அதே ஐ3, அதே மதர்போர்டு. இப்போது அரை நிமிடத்துக்குள் வேலைக்குத் தயாராகிவிடுகிறது.

1915க்கு போன் செய்து புகார் பதிந்தேன். தேசிய நுகர்வோர் உதவி எண் அது, தமிழிலும் பேசலாம். பதிந்த பிறகு ஓனரே கூப்பிட்டு எஸ்எஸ்டிக்கும் விண்டோஸுக்கும் வாங்கிய 4,700ஐ ஜிபேயில் அனுப்பினார். ரேமுக்கு மட்டும் பதில் இல்லை. அதை விடுவதாக இல்லை. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், பில் தராமல் இருப்பதையே நியாயமற்ற வணிக நடைமுறைகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறார்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரையிலான பொருள், சேவைக்குக் கட்டணம் இல்லை, இரண்டு வருஷத்துக்குள் போடலாம், ஆன்லைனில் இ-ஜாக்ரிதி தளத்திலேயே போடலாம். துண்டுச் சீட்டு, ஜிபே ரசீது, 2015 பில், கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ படம் எல்லாவற்றையும் சேர்த்துத் தயார் செய்துகொண்டிருக்கிறேன்.

கடைக்குக் கொடுக்கும் முன் மூடியைத் திறந்து ரேமையும் டிஸ்க்கையும் சீரியல் நம்பர் தெரிய போட்டோ எடுங்கள். கழற்றும் பாகம் எதுவானாலும் திரும்பி வர வேண்டும் என்று வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பி, "சரி" என்ற பதிலை வாங்கிக்கொள்ளுங்கள். டிஸ்க்கில் பிரச்சினை இல்லாத வேலை என்றால் அதைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டே போகலாம். பெரும்பாலான டெஸ்க்டாப்பில் இரண்டு கேபிள், நாலு ஸ்குரூ, அவ்வளவுதான். பழைய டிஸ்க்கைத் தூக்கிப்போடுவதாக இருந்தால், ஓடுகிற டிஸ்க் என்றால் க்விக் ஃபார்மட்டை விட்டுவிட்டு முழு ஃபார்மட் கொடுங்கள், நேரம் எடுக்கும், பரவாயில்லை. ஓடாத டிஸ்க் என்றால் உள்ளே இருக்கும் தட்டில் டிரில்லால் துளை போட்டுவிட்டுத்தான் ஸ்கிராப்புக்கு. கம்ப்யூட்டரே இல்லாதவர்களும், தங்கள் ஆதார் நகல் யார் யார் மெஷினில் இருக்கிறது என்று யோசித்துப் பார்த்து, கணக்கு எழுதுகிறவரிடமும் ஜெராக்ஸ் கடைக்காரரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள்: போன தடவை கம்ப்யூட்டர் மாத்தினீங்களே, பழைய டிஸ்க் எங்கே?