ரஷ்ய வினைகளுக்கு விக்சனரி: ஓர் மதிப்புரை

ரஷ்ய வினைத்திரிபில் அழுத்தம் எங்கே விழும் என்று தேட, ஆங்கில விக்சனரி என்னும் இணைய அகராதியின் வினை அட்டவணைகளைத் தயங்காமல் பரிந்துரைக்கலாம். இலவசம். மூடியிருக்கும் பெட்டியைத் திறந்தால் எல்லா வடிவங்களும் அழுத்தக்குறியோடு வரும்.

'பிசாத்' (எழுது) என்று தேடுங்கள். தலைப்பில் 6சி என்றிருக்கும். மொழியியலாளர் அந்திரேய் ஜலிஸ்னியாக் வகுத்த எண்முறை அது. எண் வினையின் வகை, எழுத்து அழுத்தத்தின் போக்கு. ஏ என்றால் பகுதியிலேயே நிற்கும், பி என்றால் விகுதியில். சி என்றால் நிகழ்காலத்தில் 'நான்' வடிவத்தில் மட்டும் விகுதிக்குப் போய், மற்றவற்றில் பகுதிக்குத் திரும்பும்: பிஷூ, பீஷெஷ், பீஷுத் (நெடிலே அழுத்தம்).

பலர் தடுமாறுவது மெய்மாற்றத்தில். 'பிசாத்' வகையில் ஸ் எல்லா நிகழ்கால வடிவத்திலும் ஷ் ஆகிறது. 4சி வகையான 'ஹதீத்' (நடந்து போ) அப்படியல்ல: ஹஜூ என்று 'நான்' மட்டும் மாறும், அடுத்தது ஹோதிஷ். 'ல்யுபீத்' (நேசி) கூட ல்யுப்ல்யூ, ல்யூபிஷ்தான். இதைப் பொதுவிதியாக்கி 'பீசெஷ்' என்று சொல்லிவிடுகிறார்கள். ஏவலில் அழுத்தம் 'நான்' வடிவத்தையே பின்பற்றும்: பிஷீ, ஹதீ.

இறந்தகாலத்தையும் கட்டாயம் பாருங்கள். 'ஜீத்' (வாழ்) என்பதற்கு ஆண்பாலில் ஜீல், பன்மையில் ஜீலி, ஆனால் பெண்பாலில் ஜிலா. குறியீட்டில் சாய்கோடு இருந்தால், அதற்குப் பின்னுள்ள எழுத்து இதைத்தான் சொல்கிறது.

குறைகள் உண்டு. குறியீட்டுக்கு விளக்கம் அட்டவணைக்குள் இல்லை. ஒலிப்பதிவு பெரும்பாலும் தலைச்சொல்லுக்கு மட்டுமே. நிகழ்காலத்தை மனப்பாடம் செய்ய மூன்று வடிவங்களை எழுதிக்கொண்டால் போதும்: நான், நீ, அவர்கள்.