பத்து நாளா, பௌர்ணமியா, பெருமாள்மலையா?

போன வாரம் சித்தி மகள் போன் செய்தாள். "அக்கா, தியானம் கத்துக்கலாம்னு இருக்கேன். நீதான் எல்லா இடத்துக்கும் போய் வந்தவளாச்சே, எங்க சேரட்டும்?"

எல்லா இடத்துக்கும் நான் போகவில்லை. ஆறு வருடத்தில் மூன்றே இடம். சென்னையை ஒட்டிய திருமுடிவாக்கத்தில் இருக்கும் தம்ம சேது என்ற விபாசனா தியான மையத்தில் பத்து நாள் பயிற்சி. கொடைக்கானல் போகும் வழியில் பெருமாள்மலையில் போதி செண்டோ என்ற ஜென் தியான மையம். அப்புறம் வடசென்னையில் ஒரு சின்ன புத்த விகாரில் மாதாமாதம் நடக்கும் பௌர்ணமிக் கூட்டம். நடுவில் ஈசிஆர் ரிசார்ட் ஒன்றில் காசு கட்டிப் போன வார இறுதி முகாமும் உண்டு. தியானத்தைவிட பஃபே நீளமாக இருந்தது என்பதோடு அதை விட்டுவிடுகிறேன்.

போனில் பாதி சொல்வதற்குள் குக்கர் மூன்றாவது விசில் அடித்துவிட்டது. மீதியை எழுதிவிடுகிறேன். நான் பத்து நாள் கட்சி. நடுநிலையை எதிர்பார்த்து யாரும் படிக்க வேண்டாம்.

காசை முதலில் ஓரம் கட்டிவிடலாம், ஏனென்றால் மூன்றிலும் அது பெரிய விஷயமே இல்லை. தம்ம சேதுவில் தங்க, சாப்பிட, கற்க எதற்கும் கட்டணம் கிடையாது. முதல் தடவை வருகிறவர் ஆர்வத்தில் நன்கொடையை நீட்டினாலும் வாங்க மாட்டார்கள். பத்து நாளை முடித்தவரிடம்தான் வாங்குவார்கள், அதுவும் இவ்வளவு என்று யாரும் சொல்வதில்லை. பெருமாள்மலையில் நாள் கணக்குக்கு ஒரு தொகை. கொடைக்கானல் லாட்ஜ் வாடகையைப் பார்த்தவர்களுக்கு அது உறுத்தாது. விகாரில் பாயசத்துக்குப் பால் வாங்கிக்கொண்டு போனாலே போதும்.

உண்மையான விலை லீவுதான். பத்து நாள் என்று பெயர். ஆனால் பயிற்சிக்கு முந்தின நாள் மாலைக்குள்ளேயே போய்ப் பதிந்து, பதினோராம் நாள் காலையில்தான் வெளியே வருவோம். காலண்டரில் பன்னிரண்டு கட்டம் போய்விடும். நான் அக்கவுண்ட்ஸில் இருப்பவள். மார்ச்சில் வாயைத் திறக்க முடியாது, செப்டம்பரிலும் அப்படியே. வீட்டில் மாமியாருக்கு பிரஷர் மாத்திரை எடுத்துக் கொடுப்பதிலிருந்து பையனின் யூனிட் டெஸ்ட் வரை ஒவ்வொன்றுக்கும் ஆள் பிடிக்க வேண்டியிருந்தது. ஆண்களுக்கு இது பாதி சுலபம் என்று நினைக்கிறேன். எங்கள் வீட்டில் நிச்சயமாக அப்படித்தான்.

பெருமாள்மலையைப் பற்றிச் சுருக்கமாகத்தான் சொல்ல முடியும். நான் இருந்தது நாலே நாள். 1996-ல் அதை நிறுவிய அருள் மரிய ஆரோக்கியசாமியை எல்லோருக்கும் அமா சாமி என்றுதான் தெரியும். கத்தோலிக்க இயேசு சபைக் குருவான அவர் ஜப்பானின் காமகுராவுக்குப் போய் யமதா கோஉன் என்ற குருவிடம் ஜென் பயின்றவர். 1936-ல் பர்மாவில் பிறந்த தமிழர். விபாசனாவை 1969-ல் இந்தியாவுக்குக் கொண்டுவந்த கோயங்காவும் 1924-ல் மாண்டலேயில் பிறந்தவர்தான். பர்மாவிலிருந்து நமக்கு அத்தோ நூடுல்ஸ் மட்டும் வரவில்லை.

இடம் அழகு. மலை, பனி, கூழாங்கல்லைக் கோடு கோடாக வாரிவிட்ட ஜப்பானியத் தோட்டம். இருபத்தைந்து நிமிடம் அமர்வது, எழுந்து மெதுவாக நடப்பது, மறுபடி அமர்வது. பகலில் ஒரு மணி நேரம் ஏதாவது வேலை செய்ய வேண்டும், அதற்கு 'சாமு' என்று பெயர். எனக்குக் களை பிடுங்கக் கொடுத்தார்கள். மூட்டு வலிக்காரர்களுக்கு இந்த முறை கருணையானது. ஆசிரியரோடு தனியாக உட்கார்ந்து பேசும் வழக்கமும் உண்டு, அது பெரிய விஷயம். ஆனால் ராத்திரி பஸ்ஸில் சென்னைக்கு வந்து இறங்கியதும் எல்லாம் முடிந்துபோனது. மலையில் உட்கார்ந்த மாதிரி வீட்டில் உட்கார முடியவில்லை. கூட உட்கார ஆளும் இல்லை.

நான் சொல்ல வந்ததே இதுதான். எங்கள் வீட்டில் தண்ணீர் ஃபில்டர் வாங்கும்போது விலையைப் பார்த்தோம், கலரைக்கூடப் பார்த்தோம். சர்வீஸுக்கு ஆள் வருவானா என்று பார்க்கவில்லை. இரண்டு வருடமாக அது சுவரில் தொங்குகிறது, நாங்கள் கேன் தண்ணீர் குடிக்கிறோம். தியானமும் இந்த ஏஎம்சி, அதாவது வருஷப் பராமரிப்பு சமாச்சாரம்தான். கற்றுக்கொடுக்கும் இடம் எவ்வளவு அழகு, குரு யார் என்பதெல்லாம் முதல் மாதக் கேள்விகள். ஆறாவது மாதம் நீ உட்காருகிறாயா, உட்காராவிட்டால் திரும்ப உட்கார வைக்க அருகில் என்ன இருக்கிறது என்று பார்.

இந்தக் கணக்கில் பௌர்ணமிக் கூட்டம் ஜெயித்திருக்க வேண்டும். வீட்டிலிருந்து ஒரு ரயில், ஒரு ஷேர் ஆட்டோ. மாதம் ஒரு மாலை. லீவு வேண்டாம், பையனையும் கூட்டிப் போகலாம். அகல் விளக்கு ஏற்றி, புத்தரை வணங்கும் 'நமோ தஸ்ஸ' சொல்லி, புத்தம், தம்மம், சங்கம் என்ற மூன்று சரணம், ஐந்து ஒழுக்கங்களான பஞ்சசீலம் சொல்வார்கள். பிறகு ஒருவர் பேசுவார். அம்பேத்கர் 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் தன்னோடு பௌத்தம் தழுவியவர்களை ஏற்கச் செய்த இருபத்திரண்டு உறுதிமொழிகளை அங்கே சின்னப் பிள்ளைகள் பார்க்காமல் ஒப்பிப்பார்கள். 1898-ல் இலங்கைக்குப் போய் பௌத்தம் தழுவி வந்து, ராயப்பேட்டையில் சங்கம் வைத்து, 1907-ல் பத்திரிகையும் தொடங்கிய அயோத்திதாசரைப் பற்றி நான் உருப்படியாகக் கேட்டது அந்தத் தகரக் கூரையின் கீழேதான். இரண்டு பள்ளி, ஒரு கல்லூரி படித்தும் அவர் பெயர் என் காதில் விழுந்ததில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தம்ம சேதுவில் புத்தர் சிலை கிடையாது. இது மதமில்லை, யாருக்கும் பொதுவான பயிற்சி என்பதுதான் அவர்கள் நிலைப்பாடு. சாதியைப் பற்றியோ சமூகத்தைப் பற்றியோ அங்கே யாரும் விவாதிக்கப் போவதில்லை, வாயையே திறக்கக் கூடாதே. பௌத்தம் என்றால் மனிதர்கள் சேர்ந்து நிற்பது என்று நினைக்கிறவள் நேராக விகாருக்குப் போகலாம், இந்த அலசலே அவளுக்குத் தேவையில்லை. எழும்பூர் கென்னட் லேனில் இருக்கும் மகாபோதி சங்கத்துக்கும் ஒரு நடை போய்வரலாம். இலங்கைக்காரரான அநகாரிக தர்மபாலா 1891-ல் தொடங்கிய சங்கத்தின் சென்னைக் கிளை அது. புத்தகயா போகும் இலங்கை யாத்ரீகர்கள் வெள்ளை உடையில் பெட்டி படுக்கையோடு தங்கியிருப்பார்கள்.

ஆனால் என் தங்கை கேட்டது தியானம். பௌர்ணமிக் கூட்டத்தில் தியானம் என்பது பதினைந்து நிமிடம். அதில் ஐந்து நிமிடம் பின்வரிசைக் குழந்தையை யாராவது சமாதானம் செய்துகொண்டிருப்பார்கள். மாதம் ஒருமுறை தண்ணீர் ஊற்றினால் வளரும் செடியும் இருக்கலாம், எனக்கு வளரவில்லை.

பத்து நாளுக்கு வருகிறேன். நாலு மணிக்கு மணி அடிப்பார்கள், நாலரைக்கு அமர வேண்டும், இரவு ஒன்பதரைக்கு விளக்கு அணையும். போனை முதல் நாளே வாங்கி வைத்துவிடுவார்கள். பத்தாம் நாள் காலை வரை பேச்சு கிடையாது, கண் ஜாடைகூடக் கூடாது. இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். மௌனம் கஷ்டம் என்று பயமுறுத்துவார்கள். எனக்கு அது சுகமாகத்தான் இருந்தது. கஷ்டம் கொசு. முதல் சீலமே கொல்லாமை. திருமுடிவாக்கம் பக்கத்துக் கொசுக்களுக்கு அது தெரியும் என்றே நினைக்கிறேன்.

முதல் மூன்றரை நாள் மூச்சு மட்டும்தான். மூக்குத் துவாரத்துக்குக் கீழே, மேலுதட்டுக்கு மேலே, அந்த ஒரு விரல் இடத்தில் என்ன உணர்கிறது என்று கவனிக்க வேண்டும். இரண்டாம் நாள் எனக்கு அங்கே ஒன்றுமே தெரியவில்லை. போன வருஷ ஜிஎஸ்டி ரிட்டர்ன்தான் தெரிந்தது. நாலாம் நாள் விபாசனா சொல்லிக்கொடுப்பார்கள். உச்சந்தலையிலிருந்து கால் விரல் வரை உடம்பை வரிசையாகக் கவனிப்பது. அன்றிலிருந்து அதிட்டானம், அதாவது தினம் மூன்று தடவை ஒரு மணி நேரம் கை, கால், கண் எதையும் அசைக்காமல் அமர்வது. அதற்குள் ஹாலில் எல்லோரும் மெத்தைகளை அடுக்கிக் கோட்டை கட்டியிருந்தார்கள். நானும் முட்டிக்கு ஒன்று, இடுப்புக்கு ஒன்று.

ஆறாம் நாள் மாலை அமர்வில் ஒரு கொசு என் இடது இமையில் உட்கார்ந்தது. அடிக்கக் கூடாது, கையைத் தூக்கக் கூடாது. முதலில் கூசியது, பிறகு எரிச்சல், பிறகு அந்த இடம் மட்டும் சூடாகித் துடித்தது. அது பறந்துபோன பிறகும் அரிப்பு ஏறிக்கொண்டே போய், ஒரு கட்டத்தில் தானாக இறங்கியது. நான் எதுவும் செய்யவில்லை. 'தோன்றுவது மறையும்' என்று ராத்திரி உரையில் கேட்டால் தலையாட்டிவிட்டுத் தூங்கப் போகலாம், இமையில் நடந்ததை அப்படி விட முடியவில்லை. மறுநாள் ஐந்து மணிக்குப் பொரியும் வாழைப்பழமும் டீயும் கொடுக்கும்போதுகூட அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

குறைகள் உண்டு. போதனை முழுவதும் கோயங்காவின் ஒலிப்பதிவு, அவர் 2013-ல் காலமாகிவிட்டார். நேரில் இருப்பவர் உதவி ஆசிரியர். மதியத்தில் கொஞ்ச நேரமும், ராத்திரி படுக்கும் முன் கொஞ்ச நேரமும் கேள்வி கேட்கலாம். எனக்குக் கிடைத்த பதில் பெரும்பாலும் "தொடர்ந்து செய்யுங்கள்" என்பதுதான். பெருமாள்மலையில் இருந்த உரையாடல் இங்கே இல்லை. ஜபம், மாலை, வேறு தியான முறை எதையும் கூடக் கலக்கக் கூடாது என்பதிலும் கறாராக இருப்பார்கள். இன்னொன்று, மன அழுத்தத்துக்கு சிகிச்சையில் இருப்பவர்கள் விண்ணப்பத்தில் மறைக்காமல் எழுத வேண்டும், டாக்டரிடமும் கேட்க வேண்டும். பத்து நாள் உள்ளே போவது சின்ன விஷயம் இல்லை, எல்லோருக்கும் ஒத்துவரும் என்று நான் சொல்ல மாட்டேன்.

இனி பராமரிப்பு. வீட்டுக்குப் போன பிறகு காலை ஒரு மணி, மாலை ஒரு மணி அமரச் சொல்லி அனுப்புகிறார்கள். முதல் மாதம் அமர்ந்தேன். இரண்டாம் மாதம் மாலை போனது. தீபாவளி வந்தது, காலையும் போனது. பொங்கலுக்குள் நான் தியானம் செய்தவள் என்பதே ஒரு பழைய செய்தியாகிவிட்டது. இந்த இடத்தில் பெருமாள்மலைக்கு நேர்ந்ததுதான் இதற்கும் நேர்ந்திருக்க வேண்டும்.

நேராததற்குக் காரணம், பத்து நாள் முடித்தவர்களுக்கென்றே இருக்கும் கூட்டு அமர்வு. குரோம்பேட்டையில் ஒரு ஃபிளாட், ஞாயிறு காலை. வாசலில் ஏழெட்டு ஜோடி செருப்பு. உள்ளே போனால் யாரும் "ஏன் இத்தனை நாள் வரல?" என்று கேட்பதில்லை. ஒலிப்பதிவு ஓடும், ஒரு மணி நேரம் அமர்வோம், எழுந்து வருவோம். முதல் ஞாயிறு நான் பாதியில் காலை மாற்றினேன், தூங்கினேன் என்றே சொல்லலாம். மூன்றாவது ஞாயிறு அந்த மேலுதட்டு இடம் திரும்பக் கிடைத்தது. பத்து நாளில் உடம்பு ஒரு தடவை வழியைப் பார்த்துவிட்டது, அதனால் திரும்ப வர மூன்று ஞாயிறு போதுமானதாக இருந்தது. கோயங்கா ஒலிப்பதிவில் அடிக்கடி சொல்லும் "மறுபடியும் தொடங்குங்கள்" எனக்கு மையத்தில் சலிப்பாக இருந்தது, குரோம்பேட்டையில் ஆறுதலாக இருந்தது.

இதைத் தவிர ஒரு நாள் பயிற்சி வைக்கிறார்கள், அதற்கும் காசில்லை. அப்புறம் சேவை. அடுத்தவர்கள் பத்து நாள் அமரும்போது நாம் சமையலறையில் காய் நறுக்கலாம், மணி அடிக்கலாம். சேவைக்குப் போகிறவர்களும் தினம் மூன்று கூட்டு அமர்வில் உட்கார வேண்டும் என்பதால் நம் மெஷினுக்கும் சர்வீஸ் ஆகிவிடுகிறது. தென்மாவட்டத்துக்காரர்கள் சென்னைக்கு வர வேண்டியதும் இல்லை, திண்டுக்கல் பக்கம் ஒரு மையம் இருக்கிறது. ஆனால் பக்கத்தில் கூட்டு அமர்வு நடக்காத ஊர்க்காரர்களுக்கு என் வாதம் பாதி விழுந்துவிடும். சென்னையில் இருந்துகொண்டு பேசுகிறேன் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போதும் தினம் இரண்டு மணி நேரம் அமர்வதில்லை. காலையில் நாற்பது நிமிடம், குக்கர் வைப்பதற்கு முன்னால். பௌர்ணமிக்கு விகாருக்கும் போகிறேன், பையன் பாயசத்துக்காக வருகிறான்.

தங்கை விண்ணப்பித்துவிட்டாள். பெண்கள் பக்கம் இடம் நிரம்பிவிட்டதால் காத்திருப்புப் பட்டியலில் இருக்கிறாள். நேற்று மறுபடி போன் செய்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "அக்கா, ஓடோமாஸ் எடுத்துட்டுப் போலாமா?"

போடலாம்டி, கொல்லத்தான் கூடாது என்றேன்.